தட்டின் தடிப்பு

யாழ்ப்பாணத்துப் பழைய வாகனங்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகள் பெரும்பாலும் ஓட்டத்தைப் பற்றியவை. 1990 இல் பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் கைக்கெட்டாமல் போயின. அப்போதும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் வீதியில் நின்றுவிடவில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கண்ணெரியும் புகையோடு கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. அந்தப் பெருமை நியாயமானது. ஒரு சமூகம் தன்னை முடக்க வந்த கையைத் தட்டிவிட்ட விதம் அது. ஆனால் அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஒன்று உறுத்தத் தொடங்குகிறது: ஓடின என்கிறோம், எப்படி நின்றன என்று யாரும் சொல்வதில்லை. எஞ்சினைப் பற்றி ஒரு மணிநேரம் பேசக்கூடிய மனிதர் பிறேக்கைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு கடந்துவிடுகிறார். வட்டுக்கோட்டைச் சந்தியிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பிக்கப்பும், காரைநகர்ப் பக்கம் மீன் ஏற்றி வரும் சிறு லொறியும் இன்று இருபத்தைந்து, முப்பது வயதைத் தாண்டி ஓடுகின்றன. அவற்றின் முன்சக்கரங்களுக்குள் இருக்கும் இரண்டு பொருட்கள், பிறேக் டிஸ்க்கும் அதைத் தாங்கும் ஹப்பும், எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியை நமது பெருமை கேட்கவிடாமல் செய்துவிட்டதோ என்பதுதான் என் ஐயம்.

சமாளித்தல் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவற்றுள் இரண்டு வகைகள் கலந்து கிடக்கின்றன. மண்ணெண்ணெயில் ஓட்டினால் எஞ்சின் கெடும் என்பது அன்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். கரி படியும், எஞ்சின் ஓயில் நீர்த்துப் போகும், வால்வு கருகும். தெரிந்தே அந்த இழப்பை அவர்கள் ஏற்றார்கள். கெட்டால் கெடுவது அவர்களது எஞ்சின், நடந்து போவது அவர்களது கால். கூரை ஒழுகும் தட்டி வானும் கதவைக் கயிற்றால் கட்டிய லொறியும் அப்படித்தான். முன்சக்கரத்து டிஸ்க் இந்தக் கணக்கில் சேராது. அது தோற்கும் நாளில் இழப்பு உரிமையாளரிடம் மட்டும் நிற்பதில்லை. அந்த வாகனத்தின் வயதோ, அதன் சொந்தக்காரருடைய கடனோ தெரியாத ஒருவர், சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளையோ, மாலை வெளிச்சத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வீதியைக் கடப்பவரோ, அந்தச் சமாளிப்பின் விலையைக் கட்டுகிறார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் சாகிறார்கள். அதில் எத்தனை பிறேக்கால், எத்தனை வேகத்தால், எத்தனை மதுவால் என்று பிரிப்பது என் நோக்கமில்லை. பிறருடைய உயிரைப் பணயமாக வைத்துச் செய்யும் சிக்கனத்துக்கு, நம்முடையதைப் பணயமாக வைத்துச் செய்த சிக்கனத்தின் கௌரவத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

அந்த டிஸ்க், அதாவது தட்டு, செய்யும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுமையோடு மூன்று தொன் எடையுள்ள வாகனம் ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 4 இலட்சத்து 17 ஆயிரம் யூல். கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரில் ஒன்றரை லீற்றருக்குச் சற்றுக் குறைவானதைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. பிறேக்கை மிதித்து வாகனத்தை நிறுத்தும் சில விநாடிகளுக்குள் அந்த வெப்பம் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். மிதித்ததும் பாரம் முன்னுக்குச் சாய்வதால் அதில் பெரும்பங்கு முன்சக்கரங்கள் இரண்டிலும் இறங்குகிறது. வார்ப்பிரும்புத் தட்டுகள் அதை வாங்கிக்கொண்டு பிறகு மெல்லக் காற்றுக்குக் கொடுக்கின்றன. ஆகவே தட்டின் தடிப்பு என்பது பலத்தின் அளவு மட்டுமல்ல, வெப்பத்தை வாங்கும் கொள்ளளவும் அதுவே. அதே வேகம், அதே பாரம், ஆனால் தேய்ந்து மெலிந்த தட்டு என்றால் அதே வெப்பம் குறைந்த இரும்பில் இறங்கிக் கூடுதலாகச் சூடேற்றும். அந்தச் சூடு, தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாட் வழியாகவும் அதைத் தள்ளும் பிஸ்ரன் வழியாகவும் பிறேக் எண்ணெய்க்குப் போகும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய்க்கு அந்த எல்லை 140 வரை இறங்கிவிடலாம். நமது கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. எண்ணெய் கொதித்து ஆவியானால் குழாயில் அழுத்தம் ஏறாது, மிதித்த கால் அடிவரை போகும். மெலிந்த தட்டோடு பாட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்ரன் தன் இடத்திலிருந்து அளவுக்கு மீறி வெளியே வந்து எண்ணெய் கசியவும் கூடும். இதற்காகத்தான் பெரும்பாலான டிஸ்க்குகளில் ஆகக் குறைந்த தடிப்பு இவ்வளவு என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கிறார்கள். புதிதில் 22 மில்லிமீற்றராக இருக்கும் தட்டுக்கு 20 என்று போட்டிருக்கும். இடைவெளி பெரும்பாலும் இரண்டு மில்லிமீற்றர்தான். இரண்டு முகங்களுக்கும் பகிர்ந்தால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர்.

இந்த ஒரு மில்லிமீற்றரைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பது மட்டுமில்லை, கண் இங்கே தவறான பக்கத்துக்கு இழுத்துச் செல்லும். பாட் உரசும் வளையம் தேயும்போது அதற்கு வெளியே விளிம்பு தேயாமல் பழைய தடிப்பிலேயே நிற்கும். துரு ஏறி அது இன்னும் கொஞ்சம் பருத்தும் இருக்கும். ரயரைக் கழற்றிவிட்டு ஓரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அந்த விளிம்பு. "இன்னும் நல்ல தடிப்பாத்தான் கிடக்கு" என்று சொல்லத் தோன்றும். அவர் பொய் சொல்லவில்லை, தட்டின் தேயாத பகுதியைப் பார்த்துத் தேய்ந்த பகுதிக்குத் தீர்ப்புச் சொல்கிறார். வேணியர் இடுக்கிமானியை நேராக வைத்தாலும் அதன் தாடைகள் இரண்டும் விளிம்பின் மேல் போய் உட்கார்ந்து அதே தவறை இலக்கமாகக் காட்டும். விளிம்பைத் தாண்டி உள்ளே போகும் நுண்மானித் திருகுக் கணிச்சிதான் உண்மையைச் சொல்லும், அதுவும் ஓரிடத்தில் அளந்தால் போதாது, சுற்றிவரப் பல இடங்களில் அளக்க வேண்டும். வட்டுக்கோட்டையில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கருவி தெரியும். பௌதிகவியலின் தொடக்கப் பாடங்களிலேயே பூச்சிய வழுவைக் கழித்து வாசிப்பெடுக்கப் பழக்குகிறார்கள். பரீட்சை முடிந்ததும் அந்த அறிவு கொப்பியோடு மூடப்பட்டுவிடுகிறது. பாடசாலை மதிலுக்கு உள்ளே கம்பியின் விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீற்றருக்கு அளக்கிறோம், மதிலுக்கு வெளியே மூன்று தொன் வாகனத்தை நிறுத்தும் தட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சக்கரத்தைப் பூட்டுகிறோம். இது அறிவு இல்லாத குறை அன்று. அறிவு தேவைப்படும் இடத்துக்கு வந்து சேராத குறை.

ஹப்பை ஏன் இதனோடு சேர்த்துப் பேச வேண்டும் என்றால், பழைய பிக்கப்புகள் பலவற்றில் இரண்டும் பிரிக்கமுடியாதவை. பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் டிஸ்க் ஹப்பின் பின்புறத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்ற வேண்டுமானால் ஹப்பையே இழுத்தெடுக்க வேண்டும். இழுத்தால் பேரிங் வெளியே வரும், கிறீஸ் சீல் கிழியும், வேலை இரட்டிப்பாகும். டிஸ்க் மாற்றுவது தள்ளிப்போவதற்கு விலையைவிட இந்தச் சிக்கல்தான் பல வேளைகளில் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதே சிக்கல்தான் இரண்டையும் ஒன்றாகச் செய்வதற்கான நியாயமும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஹப் ஆடும். ஹப் ஆடினால் அதில் பூட்டிய தட்டு எவ்வளவு புதிதானாலும் நெளிந்து சுழன்று பாட்டுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த தடவை மிதிக்கும்போது முதல் மிதி வெறுமையாகப் போகும், இரண்டாம் மிதியில்தான் பிறேக் பிடிக்கும். இரண்டு தரம் மிதித்து ஓட்டப் பழகிய சாரதிகளைப் பார்க்கலாம். காலுக்குப் பழகிவிட்டது, அதனால் குறையாகத் தெரிவதில்லை. ஒரு மாடு குறுக்கே பாயும்போது அந்த இரண்டாம் மிதிக்கு நேரம் இருக்காது. மறுபுறம், ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால் அதன்மேல் வைத்து இறுக்கும் புதுத் தட்டும் மயிரிழை சாய்ந்தே நிற்கும். பத்தில் ஒரு மில்லிமீற்றர் சாய்வு போதும், நாளடைவில் தட்டு ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் தேய்ந்து, மிதிக்கும்போது கால் அதிரத் தொடங்கும். பிறகு டிஸ்க் தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். காக்கைதீவிலிருந்து அராலி வரை ஏரிக்கரையை ஒட்டிப் போகும் வீதியிலும் பொன்னாலைப் பாலத்திலும் நாளாந்தம் ஓடும் வாகனங்களுக்கு உப்புக் காற்று ஓய்வதில்லை. மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் வேறு. துருவை வயர் பிரஷால் பளபளக்கத் தேய்க்காமல் பூட்டிய புதுத் தட்டு, புதுத் தட்டாக இருப்பது சில வாரங்களுக்குத்தான்.

இனி, எல்லைக்குக் கீழே போன தட்டை மாற்ற வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகள். முதலாவது, லேத்தில் கொடுத்துக் கடைந்தால் சரியாகிவிடுமே என்பது. கடைச்சல் பட்டறை யாழ்ப்பாணத்தின் தடைக்காலத்தைத் தாங்கிய தூண்களில் ஒன்று, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வெளியிலிருந்து வராத பாகத்தைக் கிடைத்த இரும்பிலிருந்து கடைந்தெடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பழக்கம் டிறம் பிறேக் காலத்தில் ஊறியது. லொறி டிறம்மின் சுவர் தடித்தது. உள்ளே கடைந்து, கூடத் தடிப்பான லைனரை றிவிற் அடித்துப் பொருத்தி ஈடுசெய்ய வழி இருந்தது. டிறம்முக்கும் எல்லை உண்டு, ஆனால் அது கொஞ்சம் தாராளமானது. டிஸ்க்கில் மொத்தமே இரண்டு மில்லிமீற்றர் என்றால், உரசலில் ஏற்கெனவே ஒன்றரை போய்விட்ட தட்டைக் கடைந்து மினுக்குவது எஞ்சியதையும் சுரண்டுவதாகும். கடைந்தபின் அது அழகாக இருக்கும். கீறல் இல்லை, அதிர்வு இல்லை, பாட் நன்றாகப் பிடிக்கும். மெலிந்த தட்டின் ஆபத்தே இதுதான், குளிர்ந்த நிலையில் அது நன்றாக வேலை செய்யும். புதிய தட்டிலிருந்து வேறுபடுவது பாரத்தோடு, வேகத்தோடு, அடுத்தடுத்து மிதிக்கும்போது மட்டுமே. ஆகவே கடைவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கடைவதற்கு முன் எடுத்த அளவும், கடைந்தபின் மிஞ்சப்போகும் அளவும்தான். இடம் இருந்தால் கடையலாம், அதில் எந்தப் பாவமும் இல்லை.

இரண்டாவது மறுப்பு பணம். இதற்கு நான் எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 இல்தான் பொதுவாக மீண்டும் திறந்தது. இடையில் 2022 இல் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ஐத் தொட்டது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தின் விலையும் அதோடு ஏறியது, கத்தரிக்காயின் விலை தோட்டக்காரருக்கு அப்படி ஏறவில்லை. பழைய வாகனத்தை வைத்திருப்பவர் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. அவரிடம் போய் உயிரின் மதிப்பைப் பற்றி உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் செலவுகளின் வரிசையைக் கேட்கலாம். புதுப் பெயின்ற், பாட்டுப்பெட்டி, முன்கண்ணாடிக்கு மேல் மின்விளக்கில் எழுதிய பெயர் ஆகியவற்றுக்குப் பிறகு டிஸ்க் வருகிறதென்றால் அது வறுமையின் வரிசையாகத் தெரியவில்லை. உண்மையிலேயே கையில் காசில்லாதவருக்கு ஒரு நேர்மையான இடைவழி உண்டு: பாரத்தைப் பாதியாக்கி, வேகத்தைக் குறைத்து, வாங்கும்வரை ஓட்டுவது. வேகத்தை 60 இலிருந்து 40 ஆக்கினாலே தட்டு வாங்க வேண்டிய வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதற்குக்கூடத் தன் தட்டின் தடிப்பு என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தோடு ஒட்டி வரும் இன்னொரு வாதம் கனதியானது: இன்று கடையில் கிடைக்கும் புதிய டிஸ்க்கைவிட யப்பானில் வார்த்த பழைய டிஸ்க் தேய்ந்த நிலையிலும் நல்லது என்பது. பெட்டியில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் இரும்பும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். போலிப் பாகங்கள் நமது சந்தையில் உண்டு, இந்த அவநம்பிக்கை அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் அது எங்கே நிற்கிறது? புதியதின் தரம் தெரியாது என்பது பழையதின் தரம் தெரியும் என்று ஆகிவிடாது. பழைய தட்டைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரே உறுதியான விடயம் அது எல்லைக்குக் கீழே போய்விட்டது என்பது. நல்ல வார்ப்பும் மெலிந்தால் மெலிந்ததுதான். இதைவிட, யப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வாகனங்களிலிருந்து கழற்றிய டிஸ்க்கை வாங்குவது நியாயமான வழி, அதையும் அளந்து வாங்கினால். பேரிங்குக்கு மட்டும் அந்த வழியை நான் ஏற்கமாட்டேன். ஓடிய பேரிங்கின் பழைய கப்புக்குள், அதாவது வெளிவளையத்துக்குள், புதிய உருளைகளைப் போடுவதும், எங்கோ ஓடியதை இங்கே கொண்டுவந்து போடுவதும், இன்னொருவருடைய தேய்மானத்தை நமது ஹப்புக்குள் குடியேற்றுவதாக முடியும்.

நமது ஊர் தட்டையானது, மலைநாட்டில் போல நீளமான இறக்கம் இல்லை, ஆகவே பிறேக் சூடேற வாய்ப்பில்லை என்றும் சொல்வார்கள். இது முன்பு பாதி உண்மையாக இருந்தது. குண்டும் குழியுமான வீதியில் மணிக்கு முப்பதுக்குமேல் போக முடியாத காலத்தில் வீதியே பாதி பிறேக்காக இருந்தது. 2009 க்குப் பின் ஏ9 உம் குடாநாட்டு வீதிகளும் கார்ப்பெற் போடப்பட்டன. வாகனம் அதே வாகனம், வேகம் வேறு. 60 இலிருந்து 90 க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் தட்டு வாங்க வேண்டிய வெப்பம் இரண்டேகால் மடங்கு, அதே மூன்று தொன்னுக்கு 9 இலட்சம் யூலைத் தாண்டும். போர் முடிந்து வீதி புதிதானதைக் கொண்டாடினோம், அந்த வீதியில் ஓடும் முப்பது வயது முன்சக்கரத்தின் கணக்கு மாறியதைக் கவனிக்கவில்லை.

எனக்கு உண்மையில் தயக்கம் தரும் மறுப்பு வேறொன்று. கழற்றி மாற்றுவதையே தீர்வாக்கினால் கை அறிவு செத்துப்போகும், கராஜ் என்பது பெட்டியைப் பிரித்துப் பூட்டும் இடமாகச் சுருங்கிவிடும் என்பது. புதிய வாகனங்களில் பேரிங்கும் ஹப்பும் மூடிய ஒரே துண்டாக வருகின்றன. திறக்க முடியாது, கிறீஸ் வைக்க முடியாது, கெட்டால் முழுவதையும் எறிய வேண்டும். அந்தப் போக்கை நானும் விரும்பவில்லை. ஆனால் பழைய பிக்கப்பின் ஹப்பை மாற்றுவது அப்படிப்பட்ட வேலையல்ல. கொட்டர் பின்னைக் கழற்றி, நட்டைத் திருகி, வெளிப்பேரிங்கைக் கையில் ஏந்தி ஹப்பை இழுப்பதும், பழைய கப்பைச் சுற்றிவர அடித்துச் சாயாமல் வெளியேற்றுவதும், புதியதைச் சத்தம் மாறும்வரை அடித்து இருக்கையில் அமர்த்துவதும், கிறீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கிடையே பிதுங்கி மறுபக்கம் வரும்வரை அமுக்குவதும் கைக்கும் காதுக்கும் உரிய வேலைகள். பாட்டுகளைத் தாங்கும் கலிப்பரைப் பிறேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைப்பதற்கு ஒரு மரியாதையான மனம் வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் நிறுத்தும் அந்தப் புள்ளியை விரல் அறிய வேண்டும். அளவுக்கு இடம் கொடுத்தால் கையின் திறமை குறையாது, அளவு நமக்குப் புதிதுமல்ல. 1829 இல் ஒரு சந்திரகிரகணத்தைக் குறித்து அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கும் வட்டுக்கோட்டை செமினரியில் மிஷனரி டானியல் பூவர் கணித்த நேரத்துக்கும் வேறுபாடு வந்தது. அதை மதச் சண்டையாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது, இரண்டு பக்கமும் இலக்கத்தில் பேசின என்பதுதான். சாஸ்திரியார் நிமிர்ந்து பார்த்து உத்தேசமாகச் சொல்லவில்லை, அவருக்கும் வாய்பாடு இருந்தது, அதனால்தான் அது எங்கே பிசகியது என்று பேசவும் முடிந்தது. இந்த மண்ணுக்கு அளவு இறக்குமதிப் பொருளல்ல.

அரசு இதில் செய்வது போதாது. புகைச் சான்றிதழ் இல்லாமல் வாகன வரி அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க முடியாது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழும் உண்டு. ஆனால் மெலிந்த தட்டு ஆறுதலாகச் செய்யும் ஒரு நிறுத்தத்தில் தேறிவிடும் என்று மேலே சொன்னேன், சக்கரத்தைக் கழற்றி அளக்காத எந்தப் பரிசோதனையும் அதைப் பிடிக்காது. எனவே கராஜ்களே தொடங்கக்கூடிய சிறிய வழக்கம் ஒன்றை முன்வைக்கிறேன். பாட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டுகளின் தடிப்பையும் அளந்து, வாகன இலக்கத்தோடும் திகதியோடும் ஒரு கொப்பியில் எழுதி, பில்லிலும் குறித்துக் கொடுப்பது. ஒரு நுண்மானியின் விலை ஒரு சோடி டிஸ்க்கைவிடக் கூடாது, அது கராஜின் ஆயுள்வரை உழைக்கும். அடுத்தது, எல்லைக்குக் கீழே போனதால் கழற்றிய தட்டை அப்படியே பழைய இரும்புக்குப் போடாமல் கிரைண்டரால் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டுவிட்டுப் போடுவது. வெட்டாத தட்டு கைமாறி, கடைச்சலில் மினுங்கி, காசில்லாத இன்னொருவருடைய முன்சக்கரத்துக்கு வர வழியிருக்கிறது. பழைய இரும்பை நிறுவைக்குத்தான் வாங்குகிறார்கள், வெட்டிய தட்டுக்கும் வெட்டாத தட்டுக்கும் கிலோ ஒரே விலை.